15வது இடம் பிடித்த அணிக்கு 20 கோடி பவுண்டு எங்கிருந்து வந்தது? மான்செஸ்டர் யுனைடெட், 2025-26 (2025 ஆகஸ்ட் நடுவில், சீசன் தொடங்கும் முன் எழுதியது)

இங்கிலாந்தின் முதல்நிலை கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக்கின் 20 அணிகளில் போன சீசன் 15வதாக முடித்த கிளப். இந்த சீசனில் எந்த ஐரோப்பியப் போட்டியிலும் இடமில்லை. அடுத்தடுத்து இரண்டு முறை ஆட்குறைப்பு. செலவைக் குறைக்காமல் விட்டிருந்தால் இந்த வருடக் கிறிஸ்துமஸுக்குள் கையிருப்பே தீர்ந்திருக்கும் என்று, கிளப்பின் கால்பந்து நிர்வாகத்தைக் கையில் வைத்திருக்கும் ஜிம் ராட்கிளிஃப் மார்ச் மாதம் பேட்டியே கொடுத்தார். அதே கிளப் இந்தக் கோடையில் மத்தேயுஸ் குன்யா, பிரையன் எம்பூமோ, பெஞ்சமின் ஷெஷ்கோ என்று மூன்று ஃபார்வர்டுகளை வாங்கியிருக்கிறது. அடிப்படை விலை மட்டுமே சுமார் 19.4 கோடி பவுண்டு. கோல், கோப்பை என்று நிபந்தனை வைத்துத் தர வேண்டிய கூடுதல் தொகையும் சேர்ந்தால் 20 கோடியைத் தாண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, 2025 ஆகஸ்ட் 17, இந்திய நேரம் இரவு 9 மணிக்கு சொந்த மைதானமான ஓல்ட் ட்ராஃபோர்டில் ஆர்சனலோடு முதல் மேட்ச். அதற்குள் இந்த முரண்பாடு எப்படிச் சாத்தியமாகிறது, இந்த சீசனில் நியாயமாக எதை எதிர்பார்க்கலாம் என்று பார்த்துவிடுவோம். நான் யுனைடெட் ரசிகன், நடுநிலை எல்லாம் கிடையாது, ஆனால் எண்களில் கை வைக்க மாட்டேன்.

போன சீசனின் கணக்கு

38 மேட்சில் 11 வெற்றி, 9 டிரா, 18 தோல்வி. 42 புள்ளி. 1973-74இல் இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கப்பட்ட பிறகு இவ்வளவு மோசமாக ஒரு சீசன் போனதில்லை. 9 மேட்ச் முடிந்து அணி 14வது இடத்தில் இருந்தபோது, அக்டோபர் 28 அன்று பயிற்சியாளர் எரிக் டென் ஹாக்கை நீக்கினார்கள். நடுவில் ரூட் வான் நிஸ்டல்ரூய் இரண்டு லீக் மேட்சைப் பார்த்துக்கொண்டார். நவம்பரில் ஸ்போர்ட்டிங் லிஸ்பனிலிருந்து ரூபன் அமோரிம் வந்தார்.

அமோரிம் நடத்திய 27 லீக் மேட்சில் கிடைத்தது 27 புள்ளி: 7 வெற்றி, 6 டிரா, 14 தோல்வி. மேட்சுக்கு ஒரு புள்ளி. அதே வேகத்தில் ஒரு முழு சீசன் ஆடினால் 38 புள்ளி வரும், போன முறை 17வதாக வந்த டாட்டன்ஹாம் எடுத்ததும் சரியாக 38தான். (அந்த டாட்டன்ஹாமிடம்தான் மே 21 அன்று பில்பாவோவில் ஐரோப்பாவின் இரண்டாம்நிலைக் கோப்பையான யூரோப்பா லீக்கின் ஃபைனலை 0-1 என்று தோற்றோம். அதற்கு மேல் எழுத மனமில்லை.)

அமோரிமுக்காக ஒன்று சொல்ல வேண்டும். கடைசி இரண்டு மாதம் லீகைக் கைவிட்டு யூரோப்பாவிலேயே குறியாக இருந்தார்கள், அதனால் அந்த 27 புள்ளி அணியின் தரத்தைக் கொஞ்சம் குறைத்தே காட்டுகிறது. ஆனால் டிசம்பரிலும் ஜனவரியிலும் அந்தச் சாக்கு கிடையாது. சொந்த மைதானத்திலேயே நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், போர்ன்மவுத், நியூகாசில், பிரைட்டன் என்று நான்கு அணிகள் வந்து ஜெயித்துவிட்டுப் போனார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய எண் ஒன்று உண்டு. வாங்கிய கோல் 54, நடுத்தர அணிகளோடு ஒப்பிட்டால் அது அப்படியொன்றும் பயங்கரமில்லை. அடித்த கோல் 44. இதைவிடக் குறைவாக அடித்தவர்கள் லீகிலேயே நான்கு பேர்தான்: எவர்ட்டனும், இறக்கப்பட்ட மூன்று அணிகளும். ஸ்டிரைக்கர் ராஸ்மஸ் ஹொய்லுண்டுக்கு லீகில் 4 கோல், யோஷுவா ஸிர்க்ஸிக்கு 3. இதைப் பார்த்த யாரும் முதலில் ஃபார்வர்டைத்தான் தேடுவார்கள், கிளப்பும் அதைத்தான் செய்தது.

காசு எங்கிருந்து வந்தது

இங்கேதான் பலருக்கும் குழப்பம். ‘இருபது கோடி செலவு’ என்ற தலைப்பைப் பார்த்ததும் இருபது கோடியை இன்று எண்ணிக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். நடப்பது வேறு.

1. விலை கணக்கில் ஒரே வருடத்தில் ஏறுவதில்லை. ஒரு வீரரை வாங்கினால், கொடுத்த விலையை அவருடைய ஒப்பந்த வருடங்களுக்குப் பிரித்துச் செலவாக எழுதுவார்கள். எட்டு வருட ஒப்பந்தம் போட்டு எட்டாகப் பிரித்துக்கொள்ளும் வேலையை செல்சீ ஆரம்பித்துவைத்ததால், இப்போது அதிகபட்சம் ஐந்து வருடம்தான் என்று விதி வந்துவிட்டது. குன்யாவுக்கு 6.25 கோடி, எம்பூமோவுக்கு 6.5 கோடி, ஷெஷ்கோவுக்கு சுமார் 6.63 கோடி. மூவருக்கும் 2030 வரை ஒப்பந்தம். ஐந்தால் வகுத்தால் வருடத்துக்கு 1.25, 1.3, 1.33 கோடி. ஆக 2025-26 கணக்கில் இந்த மூவரின் விலையாக விழப்போவது 3.9 கோடிக்கும் குறைவு. சம்பளம் தனி.

2. பணமும் ஒரேயடியாகக் கை மாறுவதில்லை. கிளப்புகள் ஒன்றுக்கொன்று தவணையில்தான் கொடுத்துக்கொள்கின்றன. நாம் ஃப்ரிட்ஜ் வாங்கிய பழைய தவணை முடிவதற்குள் வாஷிங் மெஷினுக்குப் புதுத் தவணை போடுவது மாதிரிதான் இதுவும். அதே மார்ச் பேட்டியில் ராட்கிளிஃப் ஆன்டனி, காசெமிரோ, ஓனானா, ஹொய்லுண்ட், சாஞ்சோ ஆகியோருக்கான தவணைகள் இந்தக் கோடையிலும் பாக்கி இருப்பதைச் சொல்லிப் புலம்பினார். அதில் சாஞ்சோ போன சீசன் முழுக்க செல்சீயில் ஆடிக்கொண்டிருந்தார், ஆன்டனி ஜனவரிக்குப் பிறகு ஸ்பெயினில் பெட்டிஸுக்கு. இன்னொரு சட்டை போட்டு ஆடுகிறவர்களுக்கு நாம் தவணை கட்டிக்கொண்டிருந்தோம்.

3. நஷ்டத்துக்கு ஒரு வரம்பு உண்டு. ‘லாபம் மற்றும் நிலைத்தன்மை விதிகள்’, சுருக்கமாக பி.எஸ்.ஆர். 2025-26 சீசனுக்கான விதிப்படி, பிரீமியர் லீக் கிளப் மூன்று வருடத்தில் மொத்தம் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது. மீறினால் புள்ளி வெட்டு, எவர்ட்டனுக்கும் ஃபாரஸ்டுக்கும் 2023-24இல் நடந்தது அதுதான். அப்படியானால் 2021-22இல் 11.55 கோடி, 2022-23இல் 2.87 கோடி, 2023-24இல் 11.32 கோடி என்று நஷ்டம் காட்டிய யுனைடெட் எப்படித் தப்பித்தது? அகாடமி, பெண்கள் அணி, மைதானம், பயிற்சிக்கூடம், சமூகப் பணி ஆகியவற்றுக்கான செலவைக் கழித்துவிட்டுத்தான் அந்த நஷ்டத்தைப் பார்ப்பார்கள். இப்போது 5 கோடி செலவில் புதுப்பித்துத் திறந்திருக்கும் கேரிங்டன் பயிற்சிக்கூடமும் இந்தக் கழிவில் வரும். தவிர, இது உருண்டுகொண்டே போகும் மூன்று வருடக் கணக்கு. 2021-22இன் அந்தப் பெரிய நஷ்டம் இப்போது அந்த மூன்று வருடத்துக்கு வெளியே போய்விட்டது.

4. யாரை விற்கிறோம் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஆன்டனியை 2022இல் அயாக்ஸிடமிருந்து சுமார் 8.2 கோடிக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தில் வாங்கினார்கள். வருடத்துக்கு 1.64 கோடி வீதம் மூன்று வருடத்துக்கு எழுதியாகிவிட்டது. மீதி சுமார் 3.28 கோடி அவருடைய ‘புத்தக மதிப்பு’. இன்று அவரை 2 கோடிக்கு விற்றால் கையில் 2 கோடி வரும், கணக்கிலோ 1.28 கோடி நஷ்டமாக விழும். அலெஹாந்த்ரோ கர்னாச்சோ பதின்ம வயதில் அகாடமிக்கு வந்தவர், அவருடைய புத்தக மதிப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். அவருக்கு வரும் பணம் ஏறக்குறைய முழுவதும் லாபம். வீட்டுப் பையன்களை விற்கச் சொல்லித் தூண்டும் விதி இது. ஸ்காட் மெக்டாமினேயை 2024இல் சுமார் 2.5 கோடிக்கு நாப்போலிக்கு அனுப்பியதற்கும் இதே கணக்குதான் காரணம். அவர் போன முதல் வருடமே 12 லீக் கோல் அடித்து, நாப்போலி சாம்பியனாகி, இத்தாலிய லீகின் சிறந்த வீரர் விருதையும் வாங்கிக்கொண்டார். கணக்குப் புத்தகத்தில் அது நல்ல வியாபாரம்!

இந்த நான்கையும் சேர்த்தால் கேள்விக்கு விடை வந்துவிடுகிறது. இந்த இருபது கோடியின் பெரும்பகுதி 2026 முதல் 2030 வரை வரப்போகும் வருமானத்தை நம்பி எடுத்தது. அந்த வருமானத்தில் பெரிய துண்டு, ஐரோப்பாவின் முதல்நிலைப் போட்டியான சாம்பியன்ஸ் லீக். அதில் ஆடாத ஒவ்வொரு சீசனுக்கும் சட்டை தயாரிக்கும் அடிடாஸோடு போட்ட ஒப்பந்தத்திலிருந்தே 1 கோடி பவுண்டு கழியும், 2025-26 முதல் அந்த நிபந்தனை அமலில் இருக்கிறது. டிவி பணமும் டிக்கெட் பணமும் அதற்கு மேல். அதாவது இந்த வருடம் ஐரோப்பாவுக்குத் தகுதி பெறாவிட்டால், அடுத்த கோடையில் மூன்று பேரின் தவணை ஒரு பக்கம் நிற்கும், அதைக் கட்ட வேண்டிய வருமானம் வராது.

ஆட்குறைப்பையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். 2024இல் சுமார் 250 வேலைகள் போயின, இந்த வருடம் இன்னும் 200 வரை என்று அறிவித்தார்கள், ஊழியர்களின் இலவச மதியச் சாப்பாட்டையும் நிறுத்தினார்கள். டென் ஹாக்கையும் அவருடைய உதவியாளர்களையும் நீக்கியதற்கு ஆன செலவு 1.04 கோடி, ஐந்தே மாதத்தில் அனுப்பப்பட்ட விளையாட்டு இயக்குநர் டான் ஆஷ்வர்த்துக்கு 41 லட்சம். கேன்டீனில் மிச்சம் பிடித்ததை எல்லாம் இந்த இரண்டு முடிவுகள் தின்றுவிட்டிருக்கும். சிக்கனம் தேவைதான், ஆனால் யாருடைய தட்டிலிருந்து தொடங்கினார்கள் என்று பார்த்தால் ஒரு ரசிகனாக எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

3-4-2-1: எங்கே சிக்குகிறது

அமோரிம் மாற்ற மறுக்கும் அமைப்பு இது. பின்னால் மூன்று சென்டர் பேக். இரண்டு ஓரத்திலும் மேலும் கீழும் ஓடும் விங் பேக். நடுவில் இரண்டு மிட்ஃபீல்டர். அவர்களுக்கு முன்னால் உள்பக்கமாக ஆடும் இரண்டு ‘நம்பர் 10’. உச்சியில் ஒரு ஸ்டிரைக்கர். இதை வைத்துத்தான் 19 வருடம் காத்திருந்த ஸ்போர்ட்டிங்குக்கு 2021இல் பட்டம் வாங்கித் தந்தார், 2024இல் இன்னொன்று. எனவே அமைப்பே குப்பை என்று சொல்வதில் அர்த்தமில்லை.

ஆனால் போர்ச்சுகலில் ஸ்போர்ட்டிங் ஆடும் பெரும்பாலான மேட்சில் பந்து அவர்களிடமே இருக்கும். இங்கிலாந்தில் கீழ்ப்பாதி அணிகூட நடுவில் மூன்று வலுவான ஆட்களை வைத்து ஓடவிடும். அங்கேதான் இரண்டுக்கு மூன்று என்ற கணக்கு உதைக்கிறது.

2024 டிசம்பர் 30, ஓல்ட் ட்ராஃபோர்டில் நியூகாசில் மேட்சை எடுத்துக்கொள்ளுங்கள். புரூனோ ஃபெர்னாண்டஸுக்கும் மனுவெல் உகார்த்தேவுக்கும் தடை. நடுவில் காசெமிரோவும் கிறிஸ்டியன் எரிக்சனும், இருவருக்கும் வயது முப்பதைத் தாண்டியாயிற்று. எதிரே குய்மாரெஸ், டோனாலி, ஜோயலின்டன். நியூகாசில் நடுவில் பந்தை வாங்கும்போதெல்லாம் மூவரில் ஒருவர் ஆளில்லாமல் நின்றார். அவரைப் பிடிக்க சென்டர் பேக் ஏறினால் பின்னால் ஓட்டை, ஏறாவிட்டால் அவர் திரும்பி ஓரத்துக்குப் பந்தைத் தள்ளிவிடுவார், அங்கே விங் பேக் இன்னும் மேலேயே இருப்பார். 4வது நிமிடம் இசாக், 19வது நிமிடம் ஜோயலின்டன், இரண்டும் இடது ஓரத்திலிருந்து வந்த கிராஸ், இரண்டும் தலையால் அடித்த கோல். 33வது நிமிடத்தில் அமோரிம் ஸிர்க்ஸியை வெளியே எடுத்து கோபி மெய்னூவை இறக்கினார். சொந்த ரசிகர்களே கேலி செய்ய, ஸிர்க்ஸி நேராக உள்ளே போய்விட்டார். எல்லாரும் ஸிர்க்ஸியைப் பற்றித்தான் பேசினார்கள். நடுவில் மூன்றாவது ஆள் இல்லாமல் சமாளிக்க முடியவில்லை என்று பயிற்சியாளரே அரைமணி நேரத்தில் ஒப்புக்கொண்டார் என்பதுதான் அந்த மாற்றத்தில் இருந்த செய்தி.

ஏழரை மாதம் ஆகிவிட்டது. அந்த இடத்துக்கு இதுவரை ஒருவரும் வரவில்லை. பிரைட்டனின் மிட்ஃபீல்டர் கார்லோஸ் பலேபா பெயர் அடிபடுகிறது, பிரைட்டன் விலை சொல்லும் விதம் தெரிந்தவர்கள் இந்தக் கோடையில் அதை நம்பி உட்கார மாட்டார்கள்.

அதைவிடச் சங்கடம் ஒன்று இருக்கிறது. இரண்டு நம்பர் 10 இடங்களுக்கு குன்யாவும் எம்பூமோவும் வந்துவிட்டதால், புரூனோ நடுவில் இறங்கி ஆட வேண்டியிருக்கிறது. போன சீசன் லீகில் 8 கோல், 10 அசிஸ்ட், அணியின் ஒரே நிரந்தரமான ஆள். சவூதி கிளப் அல் ஹிலால் பெரிய பணத்தோடு வந்தபோதும் இங்கேயே இருக்கிறேன் என்றவர். பந்து நம்மிடம் இருக்கும்போது கீழே இருந்து ஐம்பது அடி பாஸைக் குன்யாவின் காலில் வைப்பார், சந்தேகமில்லை. பந்து போன மறு நொடிதான் பயம். முப்பது வயது முடிந்து முப்பத்தொன்றைத் தொடப் போகிறவர், பக்கத்தில் முப்பத்துமூன்று வயது காசெமிரோ, எதிரே ஆர்சனலின் ரைஸ், சுபிமெண்டி, ஓடேகார்ட். உகார்த்தே ஓடிப் பிடிப்பார், ஆனால் பிடித்த பந்தை யாரிடம் கொடுப்பது என்பதில் தடுமாறுவார். மெய்னூ நெருக்கடியில் பந்தை அழகாக வாங்குவார், ஆனால் அமோரிமுக்கு அவரை எங்கே வைப்பது என்பதில் இன்னும் தெளிவில்லை. என் கருத்தில் இந்த சீசனின் தலையெழுத்து இந்த நடு இரண்டு இடத்தில்தான் இருக்கிறது, இருபது கோடி போன மேல் மூன்று இடத்தில் இல்லை.

கோல்கீப்பர் விஷயமும் அப்படியே தொங்குகிறது. ஏப்ரலில் லியோனில் நடந்த மேட்சில் இரண்டு கோலுக்கும் ஓனானாவைத்தான் கை காட்டினார்கள், அடுத்த லீக் மேட்சில் அவரை வெளியே உட்காரவைத்தார்கள். மாற்று கோல்கீப்பர் பயிந்திர். இரண்டு பேரையும் நம்பி ஐரோப்பாக் கனவு காண்பது துணிச்சல்தான்.

வந்த மூவர்

குன்யா போன லீகில் வுல்வ்ஸுக்கு 15 கோல் அடித்தவர். அதில் ஒன்று நம் மீதே, டிசம்பர் 26 அன்று, கார்னர் கிக்கிலிருந்து யார் மீதும் படாமல் நேராக உள்ளே. எம்பூமோ பிரென்ட்ஃபோர்டுக்கு 20 கோல். கூட்டினால் 35. ‘44உடன் 35ஐச் சேர், 79 கோல், சாம்பியன்ஸ் லீக் நிச்சயம்’ என்று கணக்குப் போடுகிறவர்கள் நிறையப் பேர். அப்படி வராது, காரணங்கள் மூன்று.

1. வெளியே போகிறவர்களின் கோலைக் கழிக்க வேண்டும், அதே நிமிடங்களில் இன்னொருவர் அடித்திருக்கக்கூடியதையும் கழிக்க வேண்டும்.

2. எம்பூமோ பிரென்ட்ஃபோர்டில் பெனால்டி அடிப்பவர். இங்கே பெனால்டி புரூனோவுக்கு.

3. இருவருமே போன வருடம் ‘எதிர்பார்க்கப்பட்ட கோல்’ கணக்கைத் தாண்டி அடித்தார்கள். ஒவ்வொரு ஷாட்டும் எங்கிருந்து, எந்தச் சூழலில் அடிக்கப்பட்டது என்று பார்த்து, அதுபோன்ற ஷாட் சராசரியாக எத்தனை முறை கோலாகும் என்று மதிப்பிடுவதுதான் அந்தக் கணக்கு. இதைத் தாண்டி அடிப்பது திறமைதான், ஆனால் வருடா வருடம் அதே அளவுக்குத் தாண்டுகிறவர்கள் அபூர்வம். இருவரிடமிருந்தும் சேர்த்து 25 லீக் கோல் வந்தால் அது நல்ல சீசன்.

இதற்கு மேலும் ஒரு நம்பிக்கை உண்டு. இந்த இருவருக்கும் பிரீமியர் லீக் பழகிப்போனது. போன சில வருடங்களில் வெளிநாட்டு லீகிலிருந்து பெரிய விலைக்கு வாங்கி, ‘பழக ஒரு வருடம் கொடுங்கள்’ என்று கேட்டே நாள் ஓடிவிட்டது. குன்யா பந்தை வாங்கித் திரும்பி, இரண்டு பேரைத் தாண்டி ஓடுவார். போன வருடம் இதைச் செய்ய அமாத் டியாலோவை விட்டால் ஆளே கிடையாது.

ஷெஷ்கோ வேறு கதை. 22 வயது, ஆறரை அடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம், அந்த உயரத்துக்கு நம்ப முடியாத வேகம், லைப்சிக்குக்குப் போன சீசன் ஜெர்மன் லீகில் 13 கோல். ஹொய்லுண்டும் இதே மாதிரிதான் வந்தார், 2023இல் சுமார் 6.4 கோடிக்கு, முதல் சீசனில் 10 லீக் கோல், அடுத்த சீசனில் 4. அவருக்குப் பந்தே போகவில்லை என்பது பாதி உண்மை. ஷெஷ்கோவுக்குப் பின்னால் குன்யாவும் எம்பூமோவும் இருக்கிறார்கள், அந்த வகையில் அதிர்ஷ்டசாலி. ஆனால் ஆகஸ்டில் கோல் வரவில்லை என்று செப்டம்பரில் அவரைத் தூக்கிப் போட்டு மிதிக்க ஆரம்பித்துவிடாதீர்கள்.

ஐரோப்பா இல்லாத வாரங்கள்

போன சீசனில் யுனைடெட் மொத்தம் 60 மேட்ச் ஆடியது, அதில் 15 யூரோப்பா லீக். இந்த முறை 38 லீக் மேட்ச், அப்புறம் இரண்டு உள்நாட்டுக் கோப்பைகளில் எவ்வளவு தூரம் போகிறோமோ அவ்வளவு. பெரும்பாலான வாரங்களில் ஐந்து நாள் முழுதாகப் பயிற்சிக்குக் கிடைக்கும். சீசன் நடுவில் வந்து, பயிற்சிக்கு நேரமில்லாமல் புது அமைப்பைத் திணித்த அமோரிமுக்கு இது பெரிய வரம்.

முன்னுதாரணம் இருக்கிறதா? இரண்டு பக்கமும் இருக்கிறது. செல்சீ 2015-16இல் 10வது, ஐரோப்பா இல்லாத 2016-17இல் பயிற்சியாளர் கோன்டேயின் கீழ் 93 புள்ளியோடு சாம்பியன், அதுவும் சீசன் நடுவில் மூன்று சென்டர் பேக் அமைப்புக்கு மாறி! லிவர்பூல் 2013-14இல் இரண்டாவது. நாமே 2014-15இல் வான் காலின் கீழ் 7வது இடத்திலிருந்து 4வதுக்கு ஏறினோம். இன்னொரு பக்கம், 2023-24இல் செல்சீக்கு ஐரோப்பா இல்லை, எக்கச்சக்கமாகச் செலவும் செய்தார்கள், கிடைத்தது 6வது இடம்.

2016-17 செல்சீயைக் காட்டி உற்சாகப்படுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த அணியின் நடு இரண்டு இடத்தில் ஒருவர் என்கோலோ கான்டே. இரண்டு பேர் செய்ய வேண்டிய ஓட்டத்தை அவர் ஒருவரே ஓடினார். நம்மிடம் இருக்கிறாரா?

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஐரோப்பாவில் ஆடாததால் லீக் கோப்பையின் இரண்டாம் சுற்றிலேயே இறங்க வேண்டும், ஆகஸ்ட் 27 அன்று நான்காம் பிரிவு கிரிம்ஸ்பி டவுனின் சொந்த மைதானத்தில். 2014இல் இதே நிலையில் எம்.கே. டான்ஸிடம் 0-4 என்று வாங்கியது நினைவிருப்பவர்கள் அன்றைக்குச் சீக்கிரம் தூங்கிவிடலாம்.

எத்தனை புள்ளி வேண்டும்

முதல் நான்கு இடத்துக்கு சாம்பியன்ஸ் லீக். ஐரோப்பியப் போட்டிகளில் அந்த சீசனில் சிறப்பாக ஆடிய இரண்டு நாடுகளுக்கு ஐந்தாவதாக ஒரு கூடுதல் இடம் தருவார்கள், போன முறை இங்கிலாந்துக்குக் கிடைத்தது. போன சீசன் கணக்கில் 4வது இடம் 69 புள்ளி, 5வதும் 6வதும் 66, 7வது 65. அதாவது போன வருடத்து 42இலிருந்து 24 புள்ளி ஏற வேண்டும், இன்னும் எட்டு வெற்றி. அப்போதுதான் ஐந்தாவது இடத்தைப் பற்றிப் பேசவே முடியும்.

கால அட்டவணையும் உதவவில்லை. ஆர்சனல், ஃபுல்ஹாம், பர்ன்லி, பிறகு மான்செஸ்டர் சிட்டி, செல்சீ, பிரென்ட்ஃபோர்டு, சண்டர்லேண்டு, எட்டாவது மேட்ச் லிவர்பூலின் ஆன்ஃபீல்டில். எட்டு மேட்சில் 11 புள்ளி எடுத்தால் நான் திருப்தியடைவேன். 7க்குக் கீழே போனால் அமோரிம் வேலையில் இருப்பாரா என்ற பேச்சு அக்டோபரிலேயே தொடங்கிவிடும்.

யாரும் அதிகம் பேசாத இன்னொன்று, ஆப்பிரிக்க நாடுகள் கோப்பை. மொராக்கோவில் டிசம்பர் 21 முதல் ஜனவரி 18 வரை. எம்பூமோ கேமரூன், அமாத் ஐவரி கோஸ்ட், நூசைர் மஸ்ராவி மொராக்கோ. மூவரும் நம் அணியில் ஆடுவது வலது பக்கம்: வலது நம்பர் 10, வலது விங் பேக், தேவைப்பட்டால் வலது சென்டர் பேக் அல்லது விங் பேக். மூவரும் அழைக்கப்பட்டால், மேட்ச் நெருக்கமாக வரும் அந்த ஒரு மாதத்தில் வலது ஓரம் மொத்தமும் காலி. பின்வரிசை ஆட்களான டலோட்டை வைத்துச் சமாளிக்கலாம், யோரோ ஓடிப் பிடிப்பார், ஆனால் தாக்குதலில் அந்தப் பக்கம் ஊமையாகிவிடும். ஒரே ஒரு அமைப்பைக் கட்டிக்கொண்டு அழும் அணிக்கு இது பெரிய அடி. நான்கு பேர் பின்வரிசைக்கு மாறிப் பார்க்க அமோரிமுக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது, பிடிவாதத்தை விடுவாரா என்பது வேறு விஷயம்.

என் கணிப்பு

ப்ரீ-சீசனில் அமெரிக்காவில் வெஸ்ட் ஹாமை 2-1, போர்ன்மவுத்தை 4-1 என்று வென்று, எவர்ட்டனோடு 2-2 டிரா செய்து ஒரு கோப்பையும் வாங்கிவந்தார்கள். அதற்கு நான் மதிப்பெண் போட மாட்டேன், ஆனால் பந்து முன்னால் போகும் வேகம் போன வருடத்தைவிடத் தெளிவாகக் கூடியிருக்கிறது. கோல் 60ஐ ஒட்டி வரும் என்று நினைக்கிறேன். வாங்கும் கோல் பெரிதாகக் குறையாது, நடு இரண்டு இடம் அப்படியே இருக்கும் வரை.

என் கணக்கில் 58 முதல் 62 புள்ளி, 7வது அல்லது 8வது இடம். செப்டம்பர் 1 அன்று வீரர்களை வாங்கும் சந்தை மூடுவதற்குள் ஓடக்கூடிய மிட்ஃபீல்டர் ஒருவர் வந்தால் இதில் ஐந்து புள்ளி கூட்டிக்கொள்வேன், நல்ல கோல்கீப்பர் வந்தால் இன்னும் இரண்டோ மூன்றோ. இரண்டும் நடக்கவில்லை என்றால் ஐரோப்பாவுக்குப் போக உள்நாட்டுக் கோப்பை ஒன்றை வெல்வதுதான் குறுக்கு வழி.

ஞாயிறு இரவு மேட்ச் பார்க்கும்போது ஷெஷ்கோவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆர்சனல் பந்தைப் பறித்த அடுத்த ஐந்து நொடியில் புரூனோ எங்கே நிற்கிறார், அவர் விட்ட இடத்தை நோக்கி யார் ஓடுகிறார்கள் என்று பாருங்கள். அமோரிம் ஸ்போர்ட்டிங்கில் வளர்த்து, யுனைடெட்டுக்கு வருவார் என்று நாம் வருடம் முழுக்கக் காத்திருந்த ஸ்டிரைக்கர் கியோகெரெஸ் அன்றைக்கு அந்தப் பக்கம், ஆர்சனல் சட்டையில், அதே இடைவெளியைத் தேடிக்கொண்டு இருப்பார்.